குழந்தைகளும் உடற்பருமனும்

மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியை பீபி கிரேமர் அம்மையாரும் அவருடன் ஆராய்ந்த ஒருவரும் 1998-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு சொல்கிறது.

3 முதல் 5 வயதுள்ள குழந்தைகளுக்கு, ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குத் தீங்கு செய்யும் கதையைச் சொன்னார்கள். பிறகு பருத்த பிள்ளை, மெலிந்த பிள்ளை படங்களைக் காட்டி, கெட்ட பிள்ளை எது என்று கேட்டார்கள். பெரும்பாலும் பருத்த பிள்ளையையே சுட்டின. வயது ஏற ஏற இவ்வெண்ணம் வலுத்தது. பருத்த குழந்தைகளும் இதற்கு விலக்கல்ல.

கடைக்கு வரும் பிள்ளையைக் "குண்டா" என்றழைப்பது நமக்கு விளையாட்டு. அருகில் நிற்கும் நம் பிள்ளைக்கோ அது பாடம். எடையில் கவலையிருந்தால் பெற்றோர் டாக்டரிடம் தனியே கேட்கட்டும். தராசு சரக்குக்கு உரியது. பிள்ளையின் குணத்தை அதில் நிறுக்கலாகாது. பெயரைச் சொல்லியே அழைப்போமாக.