அல்பேர்ட் ஐன்ஸ்டைன்: வாழ்வும் நம்பிக்கைகளும் (சுய மதிப்பீடு)

விளக்கங்களை ஒரு கடதாசியால் மறைத்துக்கொண்டு, பின்வரும் கூற்றுகள் சரியா, பிழையா என முதலில் எழுதுக.

1. பாடசாலைக் காலத்தில் ஐன்ஸ்டைன் கணிதத்தில் பின்தங்கியவர்.

பிழை. பதினைந்து வயதிற்கு முன்னரே அவர் நுண்கணிதம் கற்றிருந்தார். 1895 இல் சூரிச் தொழினுட்பக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையில் சித்தியடையாதது உண்மையே. ஆனால் கணிதத்திலும் பௌதிகவியலிலும் அவர் சிறந்த புள்ளிகளைப் பெற்றார். காலை வாரியவை ஏனைய பாடங்கள். அப்போது அவருக்கு 16 வயது.

2. சார்புக் கொள்கைக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிழை. ஒளிமின் விளைவின் விதியைக் கண்டறிந்தமையே பரிசுக்குச் சிறப்பாகக் குறிப்பிடப்பட்ட காரணம். 1921 ஆம் ஆண்டுக்குரிய பரிசு 1922 இலேயே வழங்கப்பட்டது.

3. "கடவுள் தாயம் உருட்டுவதில்லை" என்ற கருத்து அவரது சமயப்பற்றைக் காட்டுகிறது.

பிழை. மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. 1926 இல் மாக்ஸ் போர்ணுக்கு எழுதிய கடிதத்தில் இக்கருத்து வருகின்றது. அங்கே பேசப்படுவது குவாண்டம் பொறிமுறை. இயற்கையின் அடிப்படை விதிகள் நிகழ்தகவோடு நின்றுவிடுவதை அவர் ஏற்கவில்லை. "கடவுள்" என்பது இயற்கையின் ஒழுங்கைக் குறிக்க அவர் கையாண்ட சொல். கடவுளை நம்புகிறீர்களா என 1929 இல் ஒரு யூத மதகுரு தந்தி மூலம் வினவியபோது, உலகின் ஒழுங்கமைதியில் வெளிப்படும் ஸ்பினோசாவின் கடவுளையே நம்புவதாகவும், மனிதரின் விதியிலும் செயல்களிலும் தலையிடும் கடவுளை நம்பவில்லை எனவும் பதிலளித்தார். ஆகவே அவரைப் பக்திமான் என எழுதுவதும் தவறு, நாத்திகர் என எழுதுவதும் தவறு. நாத்திகர் என்ற பெயரை அவரே விரும்பவில்லை.

4. அணுகுண்டை உருவாக்கியவர் ஐன்ஸ்டைன்.

பிழை. மன்ஹாட்டன் திட்டத்தில் பணியாற்ற அவருக்குப் பாதுகாப்பு அனுமதி கொடுக்கப்படவில்லை.

கட்டமைப்பு வினா: போரை எதிர்த்த ஐன்ஸ்டைன், குண்டு பற்றிய கடிதத்தில் கையொப்பமிட்டது ஏன்?

மாதிரி விடை: முதலாம் உலகப் போரின்போது பேர்லினில் இருந்துகொண்டே போரை எதிர்த்தவர் அவர். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனிக்குத் திரும்பாது விட்டார். தாம் பெல்ஜியராக இருப்பின் அன்றைய நிலையில் இராணுவ சேவையை மறுக்கமாட்டார் என அவ்வாண்டிலேயே எழுதினார். 1939 ஓகஸ்ட் 2 ஆம் திகதியிடப்பட்ட கடிதத்தை, லியோ சிலார்ட்டின் முயற்சியால், ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்கு அனுப்பினார். ஜேர்மனி முந்திவிடும் என்ற அச்சமே காரணம். அக்கடிதம் பெரும் தவறு என 1954 இல் லைனஸ் போலிங்கிடம் கூறியபோதும், அந்த அச்சத்தை அவர் மறுக்கவில்லை. 1955 ஏப்ரல் 11 இல் அணுவாயுதங்களுக்கு எதிரான ரஸல் - ஐன்ஸ்டைன் பிரகடனத்தில் கையொப்பமிட்டு, ஒரு வாரத்தில் காலமானார்.

(1933 ஆம் ஆண்டின் மாற்றத்தை விட்டுவிட்டு 1939 கடிதத்தை மட்டும் எழுதினால் "ஏன்" என்ற வினாவுக்கு விடை கிடைக்காது.)