வீட்டுக் காவலுக்குக் கமரா: எந்தப் பெட்டியை வாங்குவது?

இடம்பெயர்ந்த குடும்பத்திடம் மிஞ்சிய பொருள் சிறிது. அதைக் காக்கும் கவலையோ பெரிது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையாலும் மண்சரிவாலும் கண்டி மாவட்டத்தில் பல குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. நீர் இறைக்கும் மோட்டர், கைத்திராக்டர், மிளகு மூட்டை ஆகியவற்றைப் பிறர் முற்றத்திலோ தற்காலிகக் கொட்டிலிலோ வைத்திருப்போர் கண்காணிப்புக் கமரா பற்றி எண்ணுவது இயல்பே. கட்டுகஸ்தோட்டைக்கோ கண்டிக்கோ சென்று பணத்தைக் கொடுக்குமுன், நாம் சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

1. எத்தனை கமரா, எத்தனை நாள்?

தெளிவான படத்துக்கு ஒரு கமரா வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவுசெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 ஜிகாபைட் இடத்தை நிரப்பும். 1 டெராபைட் வன்தட்டில் இரண்டு கமராக்களின் பதிவு 23 நாள் வரை நிற்கும். நான்கு கமரா என்றால் 11 நாளே. இடம் நிரம்பியதும் பழைய பதிவு தானாக அழிந்து, அதன்மேல் புதியது பதியும். எச்.265 முறையில் பதியும் கருவிக்குப் பழைய எச்.264 முறையைவிட ஏறக்குறைய பாதி இடம் போதும். வாங்கும்போது இதைக் கேட்டறிவது நல்லது.

2. எந்தப் பெட்டி?

மூன்று வழிகள் உண்டு.

(அ) அட்டை போடும் வைபை கமரா. செலவு மிகக் குறைவு. 64 ஜிகாபைட் அட்டையில் சுமார் மூன்று நாள் பதிவு இருக்கும். ஆனால் கள்ளன் கமராவைக் கழற்றினால் சாட்சியும் அவனோடு போய்விடும்.

(ஆ) டி.வி.ஆர். அல்லது என்.வி.ஆர். எனப்படும் பதிவுப் பெட்டி. முன்னது கம்பிவழிக் கமராக்களுக்கும், பின்னது கணனி வலைக் கமராக்களுக்கும் உரியது. இதை வெளியார் கண்ணில் படாத இடத்தில் பூட்டி வைக்கலாம்.

(இ) பழைய கணனி. வரும் படத்தை அப்படியே சேமிப்பதற்குப் பெரிய வேகம் தேவையில்லை. ஆனால் 60 வாற் இழுக்கும் கணனி இரவு பகலாக ஓடினால் மாதம் 43 அலகு மின்சாரம் செலவாகும். 15 வாற் பதிவுப் பெட்டிக்கு 11 அலகு போதும். அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடுமாதலால், இலவசமாகக் கிடைத்த கணனியும் மாதாமாதம் பணம் கேட்கும். எனவே இரண்டு மூன்று கமராக்களுக்குப் பதிவுப் பெட்டியே ஏற்றது.

3. வன்தட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

சாதாரணக் கணனியின் வன்தட்டு ஓய்வின்றி எழுதுவதற்கென்று செய்யப்பட்டதன்று. வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் போன்றவை கண்காணிப்புக்கெனவே செய்யப்பட்டவை. பாவித்த வன்தட்டை மலிவாக வாங்குவதிலும், புதியதில் சிறிய அளவை வாங்குவது மேல்.

4. மின்வெட்டும் இடியும்

2022 மார்ச் 31இல் நம் நாட்டில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டோம். மின்சாரம் திடீரென நின்றால் வன்தட்டுப் பழுதடையலாம், சிறிய யூ.பி.எஸ். ஒன்று அவசியம். மலைநாட்டில் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி அதிகம். வெளியே செல்லும் நீண்ட கம்பி வழியாகவும் மின்னல் உள்ளே வரும். நல்ல புவித்தொடுப்பும் மின்னல் தடுப்பும் வேண்டும்.

5. பதிவு சாட்சியாக வேண்டுமானால்

பெட்டியின் திகதியும் நேரமும் சரியா என்று வாரந்தோறும் பார்ப்போம். களவு நடந்தால் அன்றே பென் டிரைவில் பிரதி எடுத்து, பொலிஸில் முறையிடும்போது கொண்டுசெல்வோம். தாமதித்தால் அதன்மேல் புதிய பதிவு விழுந்துவிடும்.

கமரா நம் பொருளை மட்டுமே பார்க்கட்டும். பல குடும்பங்கள் நெருங்கி வாழும் இடத்தில் குளிக்கும் பீலியையோ அயலவர் வாசலையோ நோக்கி அதைத் திருப்புவது புதிய பகையை விலைகொடுத்து வாங்குவதாகும். மேலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானதென அறிவித்த வீட்டுக்குப் பொருளைக் காக்கவென்று திரும்பிச் செல்ல வேண்டாம். உயிரே முதற்பொருள்.

கலந்துரையாடுவோம்

* நாம் காக்க விரும்பும் பொருளின் பெறுமதி என்ன? கருவிகளின் விலையும் ஓராண்டு மின்கட்டணமும் அதைவிடக் கூடுமா?
* நான்கு குடும்பங்கள் தம் கருவிகளை ஒரே கொட்டிலில் வைத்து, ஒரு பெட்டியைப் பொதுவாக வாங்க முடியுமா?
* அப்படியானால் திறப்பு யாரிடம் இருக்கும்? பதிவைப் பார்க்க யாருக்கு உரிமை?