கிளஸ்டர் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒரு நோடு முழுசாகச் செத்துப்போனால் தலைவலி குறைவு. ஷெட்யூலரே அதை ஒதுக்கி வைத்துவிடும். பாதி உயிரோடு இருக்கிற நோடுதான் ஆபத்தானது. லாகின் ஆகும், வேலையையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் 64 நோடுகளில் ஓடும் எம்பிஐ ஜாப் முழுவதையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். இன்ஃபினிபேண்ட் வலையில் அப்படிப்பட்ட நோடைக் கண்டுபிடிக்க, நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. பிங் அடித்துவிட்டு "நெட்வொர்க் ஓகே சார்" என்று வந்து நிற்காதீர்கள். நீங்கள் அடித்தது பெரும்பாலும் மேனேஜ்மென்ட் ஈதர்நெட்டில் போயிருக்கும். கார்டு வேறு, கேபிள் வேறு, சுவிட்ச் வேறு. நோடுக்குள் போய் ஐபிஸ்டாட் என்று அடியுங்கள். ரூட் தேவையில்லை, கெர்னல் எழுதி வைத்திருப்பதைத்தான் அது எடுத்துக் காட்டுகிறது. கமாண்டே இல்லை என்று வந்தால் இன்ஃபினிபேண்ட்-டயக்ஸ் பேக்கேஜ் ஏறவில்லை என்று அர்த்தம்.

2. வெளிவரும் வரிகளில் முதலில் ஃபிசிக்கல் ஸ்டேட். அதற்கு மேல் இருக்கும் ஸ்டேட் வரிக்குக் கண் தானாகப் போகும், விடாதீர்கள். "போலிங்" என்றிருந்தால் கார்டு எதிர்முனையைத் தேடுகிறது, அங்கிருந்து பதில் இல்லை. கேபிள் கிளிக் ஆகி உட்கார்ந்திருக்காது, அல்லது சுவிட்ச் போர்ட் மூடிக் கிடக்கும். "டிஸேபிள்டு" என்றால் யாரோ வேண்டுமென்றே மூடியிருக்கிறார்கள்; அது யார் என்று கேட்காமல் திறக்க வேண்டாம். "லிங்க்அப்" வந்துவிட்டால் இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன.

3. லிங்க்அப் இருக்கிறது, ஸ்டேட் மட்டும் "இனிஷியலைசிங்" என்று நிற்கிறது. புதியவர்கள் கேபிளைப் பிடுங்குவது இந்த இடத்தில்தான். கேபிள்மேல் தப்பே இல்லை. இன்ஃபினிபேண்ட் சுவிட்ச், ஈதர்நெட் சுவிட்ச் போலத் தானாக முகவரி கற்றுக்கொள்ளாது. சப்நெட் மேனேஜர் என்ற ஒரு புரோகிராம் வலை முழுக்கச் சுற்றி, போர்ட்டுக்குப் போர்ட் லிட் எண் கொடுத்து, எந்த லிட்டுக்கு எந்த வழி என்று ஒவ்வொரு சுவிட்சிலும் எழுதிவைக்க வேண்டும். அதன் பிறகுதான் போர்ட் "ஆர்ம்டு" ஆகி "ஆக்டிவ்" ஆகும். எஸ்எம் லிட் வரியில் சுழியம் இருந்தால் அந்த மேனேஜர் இந்த நோடின் பக்கம் வரவே இல்லை. எஸ்எம்இன்ஃபோ கமாண்டைச் சுவிட்சோடு சரியாகப் பேசும் வேறொரு நோடிலிருந்து அடித்து, மாஸ்டர் யார் என்று பாருங்கள். ஓப்பன்எஸ்எம் சர்வீஸ் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

இதில் ஒரு சூது உண்டு. மேனேஜர் நின்றுபோன பிறகும், ஏற்கெனவே ஆக்டிவாக இருந்த போர்ட்டுகள் டேட்டாவைக் கடத்திக்கொண்டே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. அந்த நேரத்தில் ரீபூட் ஆன நோடு மட்டும் இனிஷியலைசிங்கில் மாட்டிக்கொள்ளும். பழியும் அதன்மேல் விழும்.

4. ஆக்டிவ் என்று பார்த்ததும் டிக்கெட்டை மூடாதீர்கள். ரேட் வரியைப் படியுங்கள். கியூடிஆர் 40, எஃப்டிஆர் 56, இடிஆர் 100, எச்டிஆர் 200, என்டிஆர் 400. எல்லாம் நாலு லேன் சேர்ந்த ஜிகாபிட் கணக்கு. இடிஆர் கார்டில் 25 வந்தால் ஒரே ஒரு லேனில் ஓடுகிறது. 40 வந்தால் லேன் நாலும் இருக்கிறது, வேகம் பழைய தலைமுறைக்கு இறங்கியிருக்கிறது. பழைய கேபிளை யாராவது மாட்டியிருக்கலாம். எச்டிஆர் கார்டில் 100 வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரு சுவிட்ச் போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் கேபிள் போட்ட இடங்களில் அதுதான் சரியான எண்.

5. லிங்க் லேயர் வரியில் ஈதர்நெட் என்றிருந்தால், இரண்டு விதமாகவும் ஓடக்கூடிய கார்டு தப்பான பக்கம் செட் ஆகியிருக்கிறது.

6. ரேட் 100, ஆனால் பாண்ட்வித் டெஸ்ட் 50 சொச்சத்தைத் தாண்டவில்லையா? பிசிஐ ஸ்லாட்டைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை எக்ஸ்8 ஸ்லாட்டில் 64 ஜிகாபிட்டுக்கு மேல் இடமே கிடையாது. எல்எஸ்பிசிஐ -vv வெளியீட்டில் "டவுன்கிரேடட்" என்ற சொல்லைத் தேடுங்கள். ஐபிஸ்டாட் இதைச் சொல்லாது.

7. பிழைக் கணக்கைப் பெர்ஃப்குவெரி காட்டும். இதற்கு ரூட் வேண்டும். அந்த எண்களை அப்படியே நம்பக்கூடாது. லிங்க்டவுன்டு கவுண்டர் எட்டு பிட், 255-இல் நின்றுவிடும். சிம்பல் எரர் பதினாறு பிட், 65535-இல் நிற்கும். சுழியத்துக்குத் திரும்பாது, அங்கேயே உறைந்து கிடக்கும். 255 என்று பார்த்தால் அது நேற்றையதா, மூன்று வருடக் குப்பையா என்று சொல்ல வழியில்லை. ரீசெட் செய்துவிட்டு, வலையில் லோடு இருக்கும்போது ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். ஏறிக்கொண்டே போகும் எண்தான் பிழை. எதிர்முனை ரீபூட் ஆனாலே லிங்க்டவுன்டு ஒன்று கூடும், அதற்குப் பதற வேண்டாம். இன்னொன்று: எக்ஸ்மிட் டேட்டா பைட் கணக்கு இல்லை, நாலால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் "டிராஃபிக் கால்வாசிதான் போகுது" என்று ரிப்போர்ட் எழுதியவர்கள் உண்டு.

8. கேபிளைத் தொடுவதற்கு முன் நோடை டிரெயின் செய்யுங்கள். அடுத்தவருடைய ஜாப் ஓடிக்கொண்டிருக்கலாம். பிறகு அதே கேபிளைச் சுவிட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். பிழை கேபிளோடு கூடவே போனால் கேபிளோ கார்டோ, பழைய போர்ட்டிலேயே நின்றால் சுவிட்ச். ஒரே நேரத்தில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொல்பவரிடம் எது கெட்டிருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

9. நூறு நோடையும் ஒவ்வொன்றாகப் பார்க்காதீர்கள். பிடிஎஸ்எச் வழியாக எல்லாவற்றிலும் ஐபிஸ்டாட்டை ஓட்டி, ரேட், ஸ்டேட் வரிகளை மட்டும் கிரெப் செய்து, -c போட்ட டிஎஸ்எச்பேக்குக்கு அனுப்புங்கள். ஒரே மாதிரி பதில் சொன்னவற்றை அது ஒரு கட்டாகச் சேர்த்துவிடும். மாறுபட்ட நோடு தனியே நிற்கும். முழு வெளியீட்டையும் அனுப்பினால் ஜியுஐடி நோடுக்கு நோடு வேறு என்பதால் எதுவும் எதோடும் சேராது.