போதை நோய்க்கு உறைவிடச் சிகிச்சை: பயனும் எல்லையும்

குடியையோ போதைப் பொருளையோ விட இயலாத ஒருவரை வீட்டிலிருந்து பிரித்து, மதுக்கடையும் பழைய நண்பர்களும் எட்டாத ஓரிடத்தில் சில வாரங்கள் வைத்திருந்தால் அவர் குணமாகித் திரும்புவார் என்ற நம்பிக்கை நாடெங்கும் வேரூன்றியுள்ளது. குடும்பங்கள் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துவது இந்த நம்பிக்கையினால்தான். மூன்றாம் முறையாகக் கணவரைச் சேர்க்க வரும் மனைவி, "முன்பு இரு தடவையும் சரியாகத்தானே வெளியே வந்தார்" என்று சொல்வதும் இதே நம்பிக்கையினால்தான். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், உறைவிடச் சிகிச்சையினால் ஆவது எது, ஆகாதது எது என்ற தெளிவு இல்லாமையால் நோயாளிகளும் குடும்பத்தாரும் அடையும் துயரம் பெரிது. அரசின் நிதி சென்று சேரும் இடத்தையும் அது மாற்றிவிடுகிறது.

பிரச்சினையின் அளவு சிறிதன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் பொருட்டு அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை 2019-இல் வெளியாயிற்று. அதன்படி 10 முதல் 75 வயது வரை உள்ளோரில் 14.6 சதவிகிதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவோர். இவர்களுள் சுமார் 5.7 கோடிப் பேருக்கு மதுவினால் ஏற்பட்ட தொல்லைகளுக்கு உதவி தேவை, அவர்களில் 2.9 கோடிப் பேர் மதுவைச் சார்ந்தே வாழும் நிலையை அடைந்துவிட்டவர்கள். அபின், ஹெராயின் போன்ற அபினி வகைப் பொருட்களின் பொருட்டு உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம். இவற்றைக் காட்டிலும் அதிகாரிகள் கருத்திற் கொள்ள வேண்டிய தகவல் ஒன்று அந்த அறிக்கையில் உண்டு. மதுச் சார்புடைய 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர்; உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவரோ 180 பேரில் ஒருவர்.

சொல்லும் பொருளும்

1964-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, அதுவரை வழங்கிவந்த 'அடிமைப் பழக்கம்' என்ற சொல்லை விடுத்து, 'சார்பு' என்ற சொல்லைப் பரிந்துரைத்தது. இது சொல்லளவிலான மாற்றமன்று. அடிமை என்றால் மன உறுதியற்றவர் என்ற எண்ணமே முந்தி நிற்கும். சார்பு என்பதோ உடலும் மூளையும் ஒரு பொருளுக்குத் தம்மைப் பழக்கிக்கொண்டுவிட்ட நிலையைச் சுட்டுவது. தமிழில் 'குடிகாரர்' என்பதற்குப் பதிலாகக் 'குடிநோயாளி' என்ற சொல்லைச் சிகிச்சை மையங்கள் வழக்கத்திற்குக் கொண்டுவந்துள்ளதும் இக்காரணம் பற்றியே. நோயாளி என்று ஒப்புக்கொண்டால் அவருக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும், உரிமைகளும் உண்டு. அண்மைக்காலச் சட்டம் இதை ஐயத்திற்கிடமின்றிக் கூறுகிறது: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருட்களைத் தகாத வகையில் பயன்படுத்துவதோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் அடக்கியுள்ளது.

முதல் வாரம்

உறைவிடச் சிகிச்சையின் முதற்கட்டம் நச்சு நீக்கம். உயிராபத்து இருப்பது இக்கட்டத்தில்தான் என்பதைப் பொதுமக்கள் மட்டுமின்றி, மையங்களை நடத்துவோரிற் சிலரும் உணர்வதில்லை.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால், 6 மணி முதல் 24 மணி நேரத்திற்குள் கை நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன. முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் ஒரு சிலருக்குக் கடுமையான சித்தப்பிரமை உண்டாகலாம்: இடமும் காலமும் மறந்து, இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் கண்டு அலறுவர், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும், கவனியாது விட்டால் மரணமும் நேரும். நோயாளி 'ரகளை செய்கிறார்' என்று கருதி அவரைக் கட்டிப்போடுவதோ அறையில் பூட்டுவதோ இவ்வேளையில் கொலைக்கு ஒப்பாகும். இதைத் தடுக்கும் மருத்துவம் அரிதானதன்று. குளோர்டயாசெபாக்சைடு, டயாசெபாம் போன்ற மருந்துகளைத் தகுந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதே அது. கல்லீரல் பழுதுற்றவர்களுக்கு லோராசெபாம் ஏற்றது. பல ஆண்டுகள் உணவைப் புறக்கணித்துக் குடித்தவர்களுக்குத் தயமின் என்னும் வைட்டமின் பி1 கட்டாயம் தர வேண்டும். அதுவும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தருதல் நலம். இந்த மலிவான மருந்து தவறிப்போனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டு, நினைவாற்றலை இழந்தவராக அவர் வாழ்நாளைக் கழிக்க நேரிடலாம்.

ஹெராயின் போன்ற அபினி வகைகளை நிறுத்தும்போது நிலைமை வேறு. கடைசியாக உட்கொண்ட 8 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும் உடல்வலி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வயிற்றுப்போக்கு முதலியவை இரண்டு, மூன்று நாட்களில் உச்சத்தை அடைந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணிகின்றன. நோயாளி செத்துவிடுவேன் என்று கதறினாலும், வேறு நோயற்ற ஒருவர் இதனால் இறப்பது அரிது. அவருக்கான உண்மையான ஆபத்து மையத்தின் வாசலுக்கு வெளியே காத்திருக்கிறது. அது பின்னர் விளக்கப்படும்.

எஞ்சிய நாட்கள்

நச்சு நீக்கம் முடிந்தவுடன் பசி திரும்புகிறது; முகம் தெளிகிறது. குடும்பத்தார் மகிழ்ந்து அழைத்துச் செல்ல விழைவதும் அப்போதுதான். உண்மையில் சிகிச்சை தொடங்குவதே அந்த நாளில் எனலாம்.

நல்லதொரு மையத்தில் ஒரு நாளின் ஒழுங்கு ஏறத்தாழ எங்கும் ஒன்றே. அதிகாலையில் எழுதல், யோகாசனம், நேரம் தவறாத உணவு, நோயின் தன்மையை விளக்கும் வகுப்பு, குழுவாக அமர்ந்து ஒருவர் அனுபவத்தை மற்றவர் கேட்டல், ஆலோசகருடன் தனித்த உரையாடல், சிறு பணிகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பள்ளி விடுதியின் அட்டவணையாகத் தோன்றும். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இரவு பகல் என்ற வேறுபாடின்றி வாழ்ந்த ஒருவருக்கு, குறித்த நேரத்தில் உண்டு உறங்குவதே ஒரு மருந்து. குழு உரையாடலின் பயன் இதனினும் ஆழமானது. "நான் மட்டும்தான் இப்படி" என்ற வெட்கத்தில் பொய்யையே தற்காப்பாகக் கொண்டிருந்தவர், அதே பொய்களை மற்றவர் வாயால் கேட்கும்போது தம்மை அடையாளம் காண்கிறார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீள விழைந்த இருவரின் சந்திப்பில் பிறந்த 'பெயர் குறிப்பிடாத குடிநோயாளிகள்' இயக்கம் கண்டறிந்த உண்மை இதுவே. இந்தியாவின் பல மையங்களில் அவ்வியக்கத்தின் கூட்டங்கள் அன்றாட நிகழ்ச்சியாக உள்ளன.

குடும்பத்தாருக்கும் இந்நாட்களில் பணி உண்டு. கணவரின் கடனை மறைத்துத் தீர்ப்பதும், அலுவலகத்திற்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி விடுப்புக் கேட்பதும் அன்பினால் செய்யப்படுபவை. விளைவில் குடிக்குத் துணை போவன. இதை மனைவியிடம் குற்றச்சாட்டாக இல்லாமல் எடுத்துரைப்பது ஆலோசகரின் திறமைக்குச் சோதனை. குடும்பத்தாரைக் கட்டணம் செலுத்தும் நாளிலும் வெளியேறும் நாளிலும் மட்டும் உள்ளே விடும் மையம் பாதிச் சிகிச்சையே அளிக்கிறது.

கிராமத்தில் முகாம்

உறைவிடம் என்றால் மதிற்சுவருடன் கூடிய கட்டிடம்தான் என்பதில்லை. ராஜஸ்தானத்தின் மேற்கு மாவட்டங்களில் திருமணத்திலும் துக்கத்திலும் விருந்தினருக்கு அபின் வழங்குவது நெடுங்கால வழக்கம். ஜோத்பூர் மாவட்டத்து மானக்லாவ் கிராமத்தைச் சேர்ந்த நாராயண் சிங், அபினுக்கு ஆட்பட்ட கிராமத்தினரை ஒரே இடத்தில் தங்கவைத்து, சுமார் பத்து நாட்களில் பழக்கத்தை விடச் செய்யும் முகாம்களைத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்களின் முன்னிலையில், அயலாரோடு சேர்ந்து விடுவதில் தனிமையில் கிட்டாத துணிவு பிறந்தது.

தமிழகத்திலும் இதையொத்த முயற்சி நடந்தது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாத விவசாயத் தொழிலாளர்களுக்காக மஞ்சக்குடி போன்ற காவிரிப் பாசனக் கிராமங்களிலேயே இரு வார அளவிலான முகாம்களை நடத்தியது. முகாம் நடக்கும் ஊரில் நோயாளியின் மனைவி நாள்தோறும் வந்து செல்லலாம்; குணமானவர் அடுத்த முகாமில் வந்து பேசலாம்; முகாம் கலைந்த பின் தொடர் கண்காணிப்புக்கு ஊரே சாட்சி. செலவோ மருத்துவமனைப் படுக்கையோடு ஒப்பிடத் தக்கதன்று. இத்தகைய முகாம்கள் பெருகாதது வியப்பிற்குரியது. மானியம் என்பது கட்டிடத்தையும் படுக்கையையும் எண்ணி வழங்கப்படுவது வழக்கமாகிவிட்டது ஒரு காரணமாகலாம்.

எல்லோருக்கும் வேண்டுவதா?

மத்திய அரசின் உதவி பெறும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் 300-க்கும் மேற்பட்டவை. 300 மையங்கள், ஒவ்வொன்றிலும் 15 படுக்கைகள், ஒருவருக்கு ஒரு மாதம் எனக் கணக்கிட்டால், ஆண்டுக்கு 54,000 பேருக்கே இடம் கிடைக்கும். மதுச் சார்புடையோர் 2.9 கோடி என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், ஒவ்வொருவரும் ஒருமுறை தங்கிச் செல்ல ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அரசு மருத்துவமனைகளையும் தனியார் மையங்களையும் சேர்த்தாலும் கணக்கின் போக்கு மாறாது. ஆகவே, யாருக்கு உறைவிடம் இன்றியமையாதது என்ற தேர்வு தவிர்க்க இயலாதது. முன்னர் வலிப்போ சித்தப்பிரமையோ கண்டவர், தற்கொலை எண்ணமுடையவர், வேறு மனநோயோ கடும் உடல்நோயோ உள்ளவர், வீடற்றவர், புறநோயாளிச் சிகிச்சையில் பலமுறை தோற்றவர் ஆகியோருக்கே படுக்கை முதலில் உரியது. மற்றவர்களுட் பெரும்பாலோரை மாவட்ட மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலேயே குணப்படுத்த இயலும்.

அபினி வகையைச் சார்ந்தவர்களைப் பொறுத்தவரை இத்தேர்வு உயிர்ப் பிரச்சினையாகும். ஒரு மாதம் பொருளைத் தொடாதிருந்தால் உடல் அதைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவர் ஒரு பலவீனமான தருணத்தில் பழைய அளவையே ஊசியில் ஏற்றிக்கொண்டால், அன்று தாங்கிய அளவே இன்று மூச்சை நிறுத்திவிடும். எனவேதான், நச்சு நீக்கத்தோடு நிறுத்திக்கொள்வது இவர்களுக்குச் சிகிச்சையாகாது என்று வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர். பியூப்ரெனார்ஃபின், மெதடோன் ஆகிய மாற்று மருந்துகளை 2005-இல் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பஞ்சாப் அரசு 2017 அக்டோபரில் புறநோயாளிகளுக்கு மாற்று மருந்து வழங்கும் நிலையங்களைத் தொடங்கியது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்ற எதிர்ப்பு இன்றும் பல மையங்களில் ஒலிக்கிறது. நீரிழிவு நோயாளிக்கு இன்சுலினை மறுப்போர் எவருமில்லை.

சட்டமும் மேற்பார்வையும்

அனுமதியின்றி நடத்தப்படும் தனியார் 'மீட்பு இல்லங்களில்' அடியும் பட்டினியும் சங்கிலியும் சிகிச்சை என்ற பெயரில் வழங்கப்பட்ட செய்திகள் பல மாநிலங்களிலிருந்தும் வந்தவண்ணம் உள்ளன. சட்டத்தில் குறையில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெறாமல் எவரும் மனநல நிறுவனம் நடத்தலாகாது. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதும், தனியறையில் அடைப்பதும், கட்டாயமாகத் தலையை மழிப்பதும் தடை செய்யப்பட்டவை. தாமே விரும்பிச் சேர்ந்தவர் வெளியேற விரும்பினால் தடுக்கலாகாது. மேற்பரிசோதனை தேவையென மருத்துவர் கருதினாலும் 24 மணி நேரமே நிறுத்திவைக்கலாம். குடும்பத்தாரின் வேண்டுகோளின்பேரில் ஒருவரைச் சேர்ப்பதாயின், வேண்டுபவர் சட்டப்படி அவருடைய பிரதிநிதியாக இருத்தல் வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் வேறொரு வல்லுநரும் தனித்தனியே பரிசோதித்து, தமக்கோ பிறருக்கோ தீங்கிழைக்கும் நிலை அல்லது தம்மைப் பேணிக்கொள்ள இயலா நிலை உள்ளது என்று காண வேண்டும். அதன் எல்லை 30 நாட்கள். மறுஆய்வு வாரியத்திற்கு ஏழு நாட்களுக்குள், பெண்ணாகவோ சிறாராகவோ இருப்பின் மூன்று நாட்களுக்குள், தகவல் தர வேண்டும். நள்ளிரவில் வண்டியில் ஆட்களை அனுப்பி ஒருவரைத் தூக்கிவரும் வழக்கத்திற்கு இச்சட்டத்தில் இடமே இல்லை.

பார்வையிடச் செல்லும் அதிகாரி வண்ணம் பூசிய சுவரையும் உணவு அட்டவணையையும் கண்டு திரும்பிவிடுவதுண்டு. அவர் கேட்க வேண்டியவை வேறு. இரவுப் பணியில் செவிலியர் உள்ளாரா? தயமின் ஊசி இருப்பில் உள்ளதா? மருத்துவர் கடைசியாக வந்தது எந்நாள்? கதவின் பூட்டு எந்தப் பக்கம் உள்ளது? ஆறு மாதத்திற்கு முன் வெளியேறியவர்களின் பதிவேடு எங்கே?

போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985-இலும் நோயாளிக்குப் பாதுகாப்பு உண்டு. போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ, ஹெராயினாயின் 5 கிராம் என்பது போன்ற சிறு அளவு தொடர்பான குற்றத்திற்காகவோ வழக்கிற்குள்ளான நோயாளி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், 64-ஏ பிரிவின்படி அவர் மீது அக்குற்றத்திற்காக வழக்குத் தொடர இயலாது. சிகிச்சையை முழுமையாகப் பெறாவிடில் இப்பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். காவல் நிலையத்தில் இப்பிரிவு நினைவுகூரப்படும் அளவிற்கே, பெற்றோர் தம் மகனை அச்சமின்றி மையத்திற்கு அழைத்துவருவர்.

வெளியேறிய பின்

நாட்பட்ட பிற நோய்களைப் போன்றே இதிலும் மறுபடி வீழ்தல் பொதுவானது. அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் அதனை 40 முதல் 60 சதவிகிதம் என மதிப்பிடுகின்றன. 90 நாட்களுக்குக் குறைவான சிகிச்சையின் பயன் வரம்புக்குட்பட்டது என்பதும் அவற்றின் கணிப்பு. ஒரு மாதப் படுக்கைக்குப் பின், மீதமுள்ள இரண்டு மாதங்களை நோயாளி எங்கே கழிக்கிறார் என்பதே வினா. டைசல்ஃபிரம் மாத்திரையை மனைவியின் கண்முன் விழுங்குவதும், வாரம் ஒருமுறை ஆலோசகரைக் காண்பதும், தொலைபேசியிலேனும் விசாரிக்கப்படுவதும் அக்காலத்தின் சிகிச்சை. படுக்கைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். எனினும், மையங்களின் ஆண்டறிக்கைகளில் பெருமையுடன் அச்சாவது சேர்க்கப்பட்டோரின் எண்ணிக்கையே. ஓராண்டு கழித்தும் குடியாமல் இருப்போரின் எண்ணிக்கை அவற்றில் அரிதாகவே காணப்படும்.

பெண்களின் நிலை தனியே கூறத்தக்கது. 2019 அறிக்கையின்படி மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவிகிதமாக இருக்கப் பெண்கள் 1.6 சதவிகிதமே. சதவிகிதம் சிறிதாயினும் ஆட்தொகை பல லட்சமாகும். பெரும்பாலான மையங்கள் ஆண்களுக்கென்றே அமைந்தவை. கைக்குழந்தையுடன் தங்கக்கூடிய இடம் இல்லாத மாவட்டத்தில், சிகிச்சைக்கு இணங்கிய தாயை எங்கே அனுப்புவது என்று அறியாமல் சுகாதார நிலைய மருத்துவர் மாத்திரைகளை மட்டும் எழுதிக்கொடுத்து வீட்டுக்கே திருப்பியனுப்புகிறார்.