பாட்டின் பெயரை மாற்றியது யார்?

வருடக்கணக்காகச் சேர்த்த எம்பி3 பாடல்களில் ஒருநாள் இசையமைப்பாளர் பெயரைக் காணோம். ஒரே படத்தின் பாடல்கள் ஐந்தாறு ஆல்பங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. வைரஸ் என்பார்கள், ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஒரே கோப்பில் இரண்டு மூன்று மென்பொருள்கள் கைவைப்பதுதான் காரணம்.

நம்பிக்கை: பாட்டைக் கேட்பதால் மட்டும் கோப்பு மாறாது.

மாறலாம். விண்டோஸ் மீடியா பிளேயரில் பாடல் விவரங்களை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. விடுபட்டதை மட்டும் நிரப்பச் சொன்னால் சேதம் குறைவு. எல்லாவற்றையும் மேலெழுதச் சொல்லியிருந்தால், நீங்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த பெயர்கள் போய்விடும். நீங்கள் தேடிப்பிடித்துப் போட்ட பெரிய அட்டைப்படத்தின் இடத்தில் 200 பிக்சல் படம் ஒன்று வந்து உட்காரும்.

நம்பிக்கை: ஒரு பாட்டுக்கு ஒரே டேக்தான்.

குழப்பத்தின் வேர் இந்த நம்பிக்கைதான். டேக் என்பது பாட்டின் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் இடம். 1996இல் வந்த ஐடி3 என்ற டேக் வகையின் முதல் பதிப்பு கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் இருக்கும். பாட்டின் தலைப்புக்கு அதில் 30 பைட்டுதான். அடுத்து வந்த இரண்டாம் பதிப்பு வழக்கமாகக் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும். அதிலும் 1999இன் 2.3, 2000இன் 2.4 என்று வகைகள். ஒலி அளவைச் சீராக்கும் எம்பி3கெயின் தன் பங்குக்கு ஏப் என்ற இன்னொரு டேகையும் சேர்க்கும். இத்தனையும் ஒரே கோப்பில் இருக்க முடியும். நீங்கள் திருத்துவது ஒன்றை, பிளேயர் படிப்பது இன்னொன்றை. "மாற்றினேன், மாறவே இல்லை" என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் கூடுதல். முதல் பதிப்பு லத்தீன் எழுத்துகளுக்கானது. தமிழ்ப் பெயரை ஒரு மென்பொருள் அதில் திணித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெயரை மீட்க வழியில்லை. தமிழுக்கு 2.3இல் யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கம் வேண்டும்; யூடிஎஃப்-8 வந்தது 2.4இல்தான்.

திரைப்பாடல்களுக்கென்று தனித் தொல்லையும் உண்டு. நாம் பாடல்களைத் தேடுவது இசையமைப்பாளர் பெயரால். இணையத் தகவல் தளங்கள் பல 'ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் பாடகரைப் போடுகின்றன. பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவதால் படம் துண்டு துண்டாகிறது. 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் எல்லாப் பாடல்களுக்கும் இசையமைப்பாளர் பெயரையே ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள், பெரும்பாலான பிளேயர்களில் படம் ஒன்றுசேரும்.

நம்பிக்கை: டேகைத் திருத்தினால் ஒலித்தரம் குறையும்.

குறையாது. டேக் வேறு, ஒலித்தரவு வேறு.

நம்பிக்கை: பேக்கப் இருக்கிறது, பயமில்லை.

தானாக ஒத்திசையும் வகை என்றால் பயப்படத்தான் வேண்டும். டேக் மாறினால் அது மாறிய கோப்பு. கெட்டுப்போன பெயரும் அப்படியே பேக்கப்புக்குப் போய்ச் சேரும். கணினியோடு இணைக்காமல் தனி டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள்.

டேகை எழுதும் உரிமையை ஒரே மென்பொருளுக்குக் கொடுங்கள். எம்பி3டேக் இதற்கு நல்ல தேர்வு. மற்ற பிளேயர்களின் அமைப்புகளைத் திறந்து, இணையத்திலிருந்து விவரம் சேர்க்கும் வசதியை இன்றே அணைத்துவிடுங்கள். புதிதாக எந்த பிளேயரை நிறுவினாலும், முதலில் பத்துப் பாடல்களின் நகலை மட்டும் அதற்குக் காட்டுங்கள்.