ஆடிப்பட்டத்துக்கு எந்தத் தக்காளி?

கேள்வி: மாடியில் பத்துப் பைகளில் தக்காளி வைக்கப் போகிறோம். போன முறை இலையெல்லாம் சுருண்டு போனது. இந்த ஆடிக்கு எந்த ரகம் நல்லது?

பதில்: விதையைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டுமா என்பதைப் பொறுத்துத்தான் ரகம் அமையும். வேண்டும் என்றால் பி.கே.எம்.1 நம்பத் தகுந்தது. தேனிப் பக்கத்து அன்னஞ்சி ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கப்பட்டது. தட்டையான உருண்டை வடிவம், காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள். பழுக்கத் தொடங்கும்போதே அடையாளம் தெரிந்துவிடும். இடம் குறைவென்றால் கோ.3. அதன் செடி அடக்கமாக வளரும்.

இலைச்சுருளுக்கு இவை இரண்டும் தாக்குப்பிடிக்காது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக், இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என மூன்றையும் எதிர்க்கும். ஆனால் அது வீரிய ஒட்டு ரகம். அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. ஆண்டுதோறும் விதை வாங்கியாக வேண்டும்.

எனவே ஆறு பைகளில் ரக்‌ஷக், நாலு பைகளில் பி.கே.எம்.1 என்று பிரித்துக்கொள்வது நல்லது.

எந்த ரகமானாலும் நாற்றுப் பருவம்தான் முக்கியம். இலைச்சுருள் வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ. விதைத்த நாளிலிருந்தே நாற்றுத்தட்டை நெருக்கமான நைலான் வலையால் மூடி, சுமார் 25 நாளில் பைக்கு மாற்றலாம். சுருண்ட செடி தென்பட்டால், பரிதாபம் பார்க்காமல் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும்.