அலாரம் பார்த்தால் மட்டும் போதாது: டெலிகாம் ஓ.எஸ்.எஸ். வேலைக்கு ஒரு வழிகாட்டி

திருநின்றவூரில் சி.டி.எச். சாலையோரம் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும் ஜே.சி.பி. ஒரு பைபர் கேபிளை இழுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில நொடிகளில், எங்கோ இருக்கும் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தின் ('நாக்') திரையில் அலாரங்கள் குவியும். டவர் விழுந்தது என்று சில, லிங்க் போனது என்று சில, வீட்டு மோடம்களைக் காணோம் என்று பல. அறுந்ததோ ஒரே ஒரு கேபிள். அது எது, எந்த இடத்தில், யாரை அனுப்புவது, எத்தனை வாடிக்கையாளருக்குச் சேவை இல்லை என்று சொல்லும் மென்பொருள் தொகுப்புக்கு ஆபரேஷன்ஸ் சப்போர்ட் சிஸ்டம், சுருக்கமாக ஓ.எஸ்.எஸ். என்று பெயர். பில், ரீசார்ஜ், பிளான் எல்லாம் பிசினஸ் சப்போர்ட் சிஸ்டம் எனும் பி.எஸ்.எஸ். கணக்கு. நெட்வொர்க்கை அமைப்பதும் கண்காணிப்பதும் பழுது நீக்குவதும் ஓ.எஸ்.எஸ். கணக்கு.

ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் இ.சி.இ. முடித்தவர்களில் பலர் இந்தத் துறைக்குள் நுழையும் வாசல் 'எல் 1' வேலைதான். ஷிப்ட் முறை. அலாரம் வந்தால் டிக்கெட் போடு, களக் குழுவுக்குப் போன் செய், சரியானதும் டிக்கெட்டை மூடு, ஷிப்ட் முடியும்போது அடுத்தவரிடம் ஒப்படை. இந்த வேலையைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறது. பல இடங்களில் எடுத்துக்கொண்டும்விட்டது. துறை சுருங்கவில்லை. அலாரத்தை வேடிக்கை பார்க்கும் இருக்கைகள் குறைகின்றன, அலாரத்துக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர்களுக்கான இருக்கைகள் கூடுகின்றன.

மாற்றம் அடிமட்டத்தில் தொடங்குகிறது. 1988-ல் பிறந்த எஸ்.என்.எம்.பி. முறையில் மேலாண்மைச் சர்வர், ஒவ்வொரு கருவியிடமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்கும். இரண்டு கேள்விகளுக்கு நடுவே வந்துபோன கோளாறு அதன் கண்ணில் படாமலே போகலாம். இப்போது கருவியே நொடிக்கு நொடி தன் நிலையை அனுப்பிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி வந்துவிட்டது. தகவல் யாங் என்ற மாதிரியில் ஒழுங்காக வரும், ஜி.என்.எம்.ஐ. வழியாகப் பாயும், காஃப்கா என்ற செய்தி வரிசையில் சேரும். எஸ்.என்.எம்.பி. நாளைக்கே சாகாது, ஆனால் புதிதாகப் படிப்பவர் அதில் ஒரு வாரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

இந்தத் துறை சென்னைக்குப் புதிதல்ல. இன்று ஸோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, செய்துகொண்டிருந்தது நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்தான். தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு வெப்என்.எம்.எஸ். என்ற அடித்தளத்தை விற்றது. 2000-களின் தொடக்கத்தில் உலக டெலிகாம் சந்தை சரிந்தபோது, அதே அறிவைச் சாதாரண நிறுவனங்களின் கணினி வலையமைப்புப் பக்கம் திருப்பியது. அப்படிப் பிறந்ததுதான் மேனேஜ்என்ஜின். வேலை தேடுபவர் இதைக் கவனிக்க வேண்டும். டெலிகாமில் கற்றது டெலிகாமோடு நின்றுவிடுவதில்லை. டேட்டா சென்டருக்கும் கிளவுடுக்கும் செல்லும்.

இனி, செயற்கை நுண்ணறிவு. விளம்பரங்களில் வரும் மாயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு சின்ன உதாரணத்தைப் பாருங்கள். உங்கள் தெருவில் நாற்பது வீட்டு பைபர் மோடம்கள் ஒரே நேரத்தில் மறைகின்றன. மின்சாரம் போய் மோடம் அணைந்தால், அது கடைசி மூச்சில் 'டையிங் காஸ்ப்' என்ற செய்தியை அனுப்பிவிட்டுப் போகும். கேபிள் அறுந்திருந்தால் அந்தச் செய்தி வராது. ஒளி இல்லை என்ற அலாரம் மட்டுமே வரும். முதல் வகை என்றால் மின்வாரியம் பார்த்துக்கொள்ளும், குழுவை அனுப்பத் தேவையில்லை. இரண்டாம் வகை என்றால் கேபிளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் வண்டி கிளம்ப வேண்டும். இந்த வேறுபாட்டை அனுபவசாலி ஒரு நிமிடத்தில் சொல்வார், ஏ.ஐ.ஆப்ஸ் எனப்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஆயிரம் தெருக்களுக்கு ஒரே நேரத்தில் சொல்லும். ஆனால் எந்த நாற்பது வீடுகள் எந்த ஸ்ப்ளிட்டரில் இருக்கின்றன என்ற பதிவு தவறாக இருந்தால் அதுவும் தவறாகத்தான் சொல்லும்.

ஆகவே, இந்தத் துறையில் யாரும் பெருமையாகப் பேசாத, ஆனால் எல்லாம் அதன்மேல் நிற்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன்: இன்வென்டரி. எந்தக் கேபிள் எந்தச் சேம்பர் வழியாகப் போகிறது, எந்தக் கோர் எந்தப் போர்ட்டில் முடிகிறது என்ற கணக்கு. கேபிள் அறுந்தால் ஓ.டி.டி.ஆர். கருவி '7.4 கிலோமீட்டரில் முறிவு' என்று காட்டும். சாலையில் 7.4 கிலோமீட்டர் அளந்து போனால் அங்கே ஒன்றும் இருக்காது. ஏனென்றால் கேபிளைப் போட்டவர்கள் சேம்பருக்குச் சேம்பர் பத்து இருபது மீட்டர் லூப்பாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். எங்கெங்கே எவ்வளவு லூப் என்று வரைபடத்தில் ஏறியிருந்தால்தான் மென்பொருள் சரியான இடத்தைக் காட்டும். பல இடங்களில் அந்த விவரம் இன்னும் மூத்த ஸ்ப்ளைசர் ஒருவரின் நினைவில்தான் இருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அதுவும் அவரோடு போய்விடும். 'டிஜிட்டல் ட்வின்' என்று மாநாடுகளில் பேசுகிறார்களே, அது வேறொன்றுமில்லை. இந்தக் கணக்கு ஒழுங்காக, உயிரோட்டமாக இருப்பதுதான். பாலிடெக்னிக் முடித்து ஸ்ப்ளைசிங் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஜி.ஐ.எஸ். கற்றுக்கொள்ளுங்கள். கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம். களமும் தெரிந்து வரைபடமும் தெரிந்தவர் சந்தையில் மிகக் குறைவு.

நேர்காணலுக்குப் போகும் முன் கட்டாயம் படித்துவிட்டுப் போக வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க முடங்கியது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. பலருக்கு அவசர அழைப்புகூடப் போகவில்லை. ஏழு கட்ட மாற்றத்தின் ஆறாவது கட்டத்தில், ரவுட்டர்களின் கான்ஃபிகரேஷனில் இருந்த ஒரு வடிகட்டியை நீக்கினார்கள். ரவுட்களின் வெள்ளம் கோர் நெட்வொர்க்கை மூழ்கடித்தது. முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்திருந்ததால், இந்தக் கட்டத்தின் ஆபத்து அளவு முன்பே 'குறைவு' என்று இறக்கப்பட்டிருந்தது. அதைவிடக் கொடுமை, கருவிகளைச் சரிசெய்யப் போகும் மேலாண்மைப் பாதையும் விழுந்துகிடந்த அதே கோரை நம்பியிருந்தது. ஊழியர்கள் கையில் இருந்ததும் அதே நிறுவனத்தின் சிம்தான். ஒருவரையொருவர் அழைக்கவும் வழியில்லை. ஆட்டோமேஷன் பற்றி ஆர்வமாகப் பேசும் இளைஞரிடம், 'மாற்றம் தவறாகப் போனால் எப்படித் திரும்ப வருவீர்கள்?' என்று கேட்பவர்தான் நல்ல மேலாளர். அதற்குப் பதிலை இப்போதே தயார் செய்யுங்கள்.

இந்தியாவில் சட்டமும் இந்தத் துறைக்கு வேலை கொடுக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 சேவைத் தர விதிகள் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒரு மாவட்டத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் நீளும் பெரிய முடக்கத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். முடக்கம் 24 மணி நேரத்தையும் தாண்டினால் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு வாடகையில் கழிவு, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. திருவள்ளூர் மாவட்டத்தில் எந்த டவர் எத்தனை மணிக்கு விழுந்தது, யார் யாருக்கு உரியதைத் தர வேண்டும் என்பதை ஓ.எஸ்.எஸ்.தான் சொல்ல வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு சைபர் பாதுகாப்பு விதிகள், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. இந்த அறிக்கைகளைத் தானாகத் தயாரிக்கும் மென்பொருள் எழுதத் தெரிந்தவருக்கு வேலை உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.எம். ஃபோரம் வகுத்த திறந்த ஏ.பி.ஐ.களில் 639 (வள இருப்பு), 641 (சேவை ஆர்டர்), 642 (அலாரம்) ஆகிய மூன்றை மட்டுமாவது படியுங்கள். ஆவணங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. திறந்த ரேடியோ நெட்வொர்க்கான ஓ-ரான் பக்கம் போக விரும்பினால் எஸ்.எம்.ஓ., ஆர்-ஆப் என்ற சொற்களோடு தொடங்குங்கள். மனிதர் கைபடாத நெட்வொர்க்குக்கு 0 முதல் 5 வரை நிலைகள் வகுத்திருக்கிறார்கள்; 4-ஐத் தொட்டுவிட்டோம் என்று யாராவது சொன்னால், எந்தப் பணியில் என்று கேளுங்கள். ஜெனரேட்டிவ் ஏ.ஐ. டிக்கெட்டைச் சுருக்கித் தருவதிலும், மூலகாரண அறிக்கைக்கு வரைவு எழுதுவதிலும் கெட்டி. உயிரோடு இருக்கும் ரவுட்டரில் அதை நேரடியாகக் கட்டளை போட அனுமதிக்கும் காலம் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

சான்றிதழ்களை அடுக்குவதைவிட ஒரே ஒரு செயல்திட்டம் போதும். 16 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப்பில் கன்டெய்னர்லேப் நிறுவி, நோக்கியாவின் எஸ்.ஆர். லினக்ஸ் ரவுட்டர்கள் ஆறை இணையுங்கள், இரண்டும் இலவசம். இணைப்பு விவரத்தை நெட்பாக்ஸில் பதியுங்கள். டெலிமெட்ரியை பிராமிதியஸுக்கு அனுப்பி, கிராஃபானாவில் காட்டுங்கள். பிறகு ஒரு லிங்கை நீங்களே துண்டியுங்கள். வரும் அத்தனை அலாரங்களையும் ஒரே டிக்கெட்டாகச் சுருக்கும் நிரலைப் பைத்தானில் எழுதுங்கள். கிட்ஹப்பில் போடுங்கள். நேர்காணலில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேச முடிந்தால், பயிற்சி மையம் தரும் பத்துச் சான்றிதழ்களைவிட மேல்.

வேலை எங்கே? டெலிகாம் மென்பொருளுக்கு இன்னும் தரமணி, ஓ.எம்.ஆர். பக்கம்தான் போக வேண்டும். அந்த அலைச்சலுக்கு மருந்தில்லை. ஆனால் அம்பத்தூரில் என்.டி.டி., எஸ்.டி.டி., கன்ட்ரோல்எஸ் ஆகியவற்றின் டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. பட்டரவாக்கத்தில் இறங்கினால் தொழிற்பேட்டை பக்கம். 2024 நவம்பரில் திறந்த பட்டாபிராம் டைடல் பார்க் திருநின்றவூரிலிருந்து இரண்டு மூன்று ஸ்டேஷன் தூரம்தான். அரசு சார்ந்த பணிகளையும் கவனியுங்கள். 12,525 கிராம ஊராட்சிகளை பைபரில் இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தினுடையது. சி-டாட் கோரும் தேஜஸ் ரேடியோவும் டி.சி.எஸ். ஒருங்கிணைப்புமாக 2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜி முறைப்படி தொடங்கியது. இவற்றை நாள்தோறும் ஓட்ட ஆட்கள் வேண்டும். ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகவே பெரும்பாலும் எடுப்பார்கள்.

எல் 1 வேலை கிடைத்தால் மறுக்காதீர்கள். நிஜ அலாரம் எப்படி இருக்கும் என்பதை லேப்டாப் கற்றுத்தராது. ஆனால் ஒன்றரை ஆண்டுக்குள் எல் 2-க்கோ ஆட்டோமேஷன் குழுவுக்கோ மாறும் வழி இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். இரவு ஷிப்டுக்குப் போக்குவரத்து வசதி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நள்ளிரவு தாண்டினால் திருநின்றவூருக்கு மின்சார ரயிலை நம்பியிருக்க முடியாது. முன்பணம் கட்டினால் நாக் வேலை உறுதி என்று சொல்பவரிடம் பயோடேட்டாகூடக் கொடுக்காதீர்கள்.